பார்வையற்ற வாசகருக்கு ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் தயார் செய்வது எப்படி?

நான் ஒரு கலைக் கல்லூரியில் நூலகர். இரண்டு வருடத்துக்கு முன் முதுகலைத் தமிழ் படிக்கும் மாணவி ஒருவர் இலக்கிய வரலாற்றுப் புத்தகம் ஒன்றைக் கேட்டு வந்தார். அவருக்குப் பார்வை இல்லை. "போன்ல படிக்கிற மாதிரி கிடைக்குமா சார்?" என்று கேட்டார். 312 பக்கம். இரண்டு நாள் உட்கார்ந்து முழுவதையும் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன். மறுநாள் அழைத்தார். "ஃபைல் திறக்குது சார். ஆனா ஒண்ணுமே பேசலை."

நான் அனுப்பியது 312 புகைப்படங்கள். அதில் எழுத்து என்று எதுவும் இல்லை. அந்தப் புத்தகம் சரியாக அவர் கைக்குப் போய்ச் சேர நான்கு மாதம் ஆனது. அதற்குள் பருவத் தேர்வு முடிந்திருந்தது. இப்போது அதே அளவுள்ள புத்தகத்தை மூன்று வாரத்தில் முடிக்கிறோம். இடையில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். ஆசிரியர், நூலகர், பெற்றோர், தன்னார்வலர் என யாராக இருந்தாலும், ஒரு கணினியும் பொறுமையும் இருந்தால் இதைச் செய்துவிடலாம்.

1. படிக்கப்போகிறவரிடம் முதலில் கேளுங்கள்

ஸ்கேனர் பக்கம் போவதற்கு முன் அவரோடு அரை மணி நேரம் பேசுங்கள். அச்சுப் புத்தகம் படிக்க முடியாதவர் என்றால் முழுப் பார்வையும் இல்லாதவர் மட்டும் இல்லை. குறைபார்வை உள்ளவர், டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமம் உள்ளவர், புத்தகத்தைப் பிடித்துப் பக்கம் புரட்டக் கை ஒத்துழைக்காதவர் எல்லோரும் இதில் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் தேவை வேறு.

போனில் படிப்பாரா, கணினியிலா? பிரெய்ல் தெரியுமா, பிரெய்லில்தான் வேண்டுமா? எந்தப் பாடம் முதலில் வேண்டும்? தேர்வு எந்தத் தேதி? இந்த நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்களிடம் வந்த குறைபார்வை மாணவர் ஒருவருக்கு 20 பாயின்ட் எழுத்தில், வரி இடைவெளி கூட்டி, ஏ4 தாள்களின் ஒரு புறம் மட்டும் அச்சடித்துக் கொடுத்ததே போதுமாக இருந்தது. கேட்காமல் விட்டிருந்தால் அவருக்கும் ஈபப் என்ற மின்புத்தகக் கோப்பைச் செய்துகொண்டு இருந்திருப்போம்.

முழுப் புத்தகம் முடிந்த பிறகுதான் கொடுப்பேன் என்று இருக்காதீர்கள். முதலில் தேவைப்படும் அத்தியாயத்தை முதலில் முடித்துக் கொடுங்கள். அந்த நான்கு மாதத்தில் நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

2. ஏற்கெனவே யாராவது செய்துவிட்டார்களா என்று பாருங்கள்

2016இல் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்தில் முதலில் தேடுங்கள். அச்சுப் புத்தகம் படிக்க முடியாதவர்களுக்காக இயங்கும் டெய்சி ஃபோரம் ஆஃப் இந்தியா அமைப்பும் அதன் உறுப்பு நிறுவனங்களும் சேர்ந்து நடத்துவது. தமிழ் உட்பட இந்திய மொழிப் புத்தகங்கள் இருக்கின்றன. உறுப்பினராவதற்கு மாற்றுத்திறனாளிச் சான்று வேண்டும். எனவே பதிவை அவர் பெயரில் செய்யுங்கள், உங்கள் பெயரில் வேண்டாம்.

பழைய புத்தகம், அல்லது நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்தாளரின் புத்தகம் என்றால் மதுரைத் திட்டத்தையும் தமிழ் விக்கிமூலத்தையும் பாருங்கள். இரண்டிலும் யூனிகோடு எழுத்தாகவே, அதாவது எல்லாக் கருவிகளும் தமிழ் என்று புரிந்துகொள்ளும் பொதுக் குறியாக்கத்திலேயே கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஏராளமான புத்தகங்கள் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பக்கப் படங்கள், ஸ்கிரீன் ரீடர் (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள்) படிக்காது. இருந்தாலும் ஸ்கேன் செய்யும் வேலை உங்களுக்கு மிச்சம்.

பதிப்பு ஒன்றுதானா என்பதையும் சரிபாருங்கள். பாடத்திட்டத்தில் சொன்ன பதிப்பும் இணையத்தில் கிடைத்த பதிப்பும் வேறாக இருந்தால் பக்க எண்கள் பொருந்தாது. வகுப்பில் அந்த மாணவர்தான் திண்டாடுவார்.

3. சட்டம் பற்றிய பயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

"காப்புரிமை உள்ள புத்தகம் ஆயிற்றே, மாட்டிக்கொள்ள மாட்டோமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் கல்லூரியிலும் இந்தக் கேள்வியிலேயே ஆறு வாரம் போனது.

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த பிரிவு 52(1)(இசட்பி) இதற்கு நேராகப் பதில் சொல்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் படிப்பதற்காக, அவர் படிக்கக்கூடிய வடிவத்துக்கு எந்தப் படைப்பையும் யார் வேண்டுமானாலும் மாற்றலாம். அவருடைய சொந்த உபயோகம், கல்வி, ஆராய்ச்சிக்காக அவரோடு பகிரலாம். பதிப்பாளரின் அனுமதி தேவையில்லை. மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் அமைப்புகளும், அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களும் நூலகங்களும் இதைச் செய்யலாம்.

நிபந்தனைகளும் உண்டு. லாபம் கூடாது, தயாரிப்புச் செலவை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். அமைப்பாகச் செய்பவர்கள், பிரதி மாற்றுத்திறனாளிகளிடம் மட்டும் இருப்பதையும் கடைச் சந்தைக்குள் போய்விடாமல் இருப்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். லாபத்துக்குச் செய்ய நினைத்தால் அது வேறு பாதை. பிரிவு 31பி-யின்படி உரிமம் வாங்க வேண்டும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது இல்லை.

கையில் வைத்திருக்க வேண்டிய காகிதங்கள் கொஞ்சம்தான். வாசகரின் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் அல்லது யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகல். இந்தப் புத்தகம் இன்ன வடிவத்தில் வேண்டும் என்று அவர் எழுதிய இரண்டு வரிக் கடிதம். புத்தகம் வாங்கிய பில், அல்லது நூலகச் சேர்க்கை எண். அறக்கட்டளை சார்பில் செய்கிறீர்கள் என்றால் வருமான வரிச் சட்டத்தின்படி பெற்ற பதிவுச் சான்று. இவற்றை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். டிஸ்லெக்சியா உள்ளவருக்கு யாராவது "இவருக்குத்தான் கண் தெரிகிறதே" என்று மறுத்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று என்று எடுத்துக்காட்டுங்கள்.

சான்றிதழ் நகலை வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். அது ஒருவருடைய உடல்நிலை பற்றிய ஆவணம்.

4. பதிப்பகத்திடம் கோப்பைக் கேட்டுப் பாருங்கள்

அனுமதி தேவையில்லை என்று இப்போதுதான் சொன்னேன். பிறகு ஏன் கேட்க வேண்டும்? அவர்களிடம் அச்சுக்குப் போன கோப்பு இருக்கிறது. அது கிடைத்தால் உங்கள் வேலை பாதியாகக் குறையும்.

கடிதத்தில் ஐந்து விஷயம் இருக்கட்டும்: புத்தகத்தின் பெயரும் பதிப்பு ஆண்டும், யாருக்காக (பெயர் வேண்டாம், "எங்கள் கல்லூரியின் பார்வையற்ற மாணவர்" என்றால் போதும்), எந்தச் சட்டப் பிரிவின்படி, கோப்பு வெளியே போகாது என்ற உறுதி, வேலை முடிந்ததும் தயாரான ஈபப் பிரதி ஒன்றை அவர்களுக்கே தருவோம் என்ற வாக்கு. கடைசியில் சொன்னதைப் பார்த்து மனம் மாறியவர்கள் உண்டு. ஒரு பதிப்பாளர் நாங்கள் கேட்காமலேயே இன்னும் இரண்டு புத்தகங்களின் கோப்பை அனுப்பினார்.

மின்னஞ்சலோடு நிறுத்தாதீர்கள், போனில் பேசுங்கள். சிறு பதிப்பகம் என்றால் கோப்பு அவர்களிடம் இருக்காது, டிடிபி (கணினியில் பக்க வடிவமைப்பு) செய்தவரிடம் இருக்கும். அவர் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். "பிடிஎஃப் அனுப்புங்கள்" என்று கேட்காதீர்கள்; "வேர்டு, பேஜ்மேக்கர், இன்டிசைன் எது இருந்தாலும் அதை அனுப்புங்கள், எந்த எழுத்துரு என்றும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். இரண்டு வாரம் காத்திருங்கள். பதில் வரவில்லை என்றால் ஸ்கேனுக்குப் போய்விடுங்கள். முதல் தடவை பதிலுக்காகவே நான் ஐந்து வாரத்தை இழந்தேன்.

5. கோப்பு வந்தால்: எழுத்துருவைப் பாருங்கள்

கோப்பிலிருந்து ஒரு பத்தியை எடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகவே தெரிந்தால் யூனிகோடு. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்து கிடந்தால் பாமினி, வானவில், ஸ்ரீலிபி, டாப், டாம் போன்ற பழைய குறியாக்கங்களில் ஒன்று. அந்தக் கோப்பில் தமிழ் எழுத்து என்பது கண்ணுக்கு மட்டும்தான். ஸ்கிரீன் ரீடருக்கு அது ஆங்கில எழுத்துகளின் குவியல், அப்படியேதான் படிக்கும்.

என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. எழுத்துருவின் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். முதலில் ஒரு பக்கம் மட்டும் மாற்றிப் படித்துப் பாருங்கள். புத்தகத்துக்குள் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழாக எண்ணி மாற்றிவிடும். அதைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

யூனிகோடு பிடிஎஃப் வந்தாலும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். நகல் எடுத்து ஒட்டினால் பல நேரம் கொம்பு இடம் மாறி வரும். "கோவில்" என்று கண்ணில் பட்டது "ேகாவில்" என்று ஒட்டிக்கொள்ளும். அப்படி வந்தால் அந்தப் பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை எடுக்காதீர்கள். அதைப் படமாகவே எண்ணி, படி 7இல் சொல்லும் ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் கண்டு எழுத்தாக்குவது) வழியில் போங்கள். அதுதான் வேகம்.

6. கோப்பு இல்லையென்றால்: ஸ்கேன்

ஸ்கேனரில் நுணுக்க அளவு 300 டிபிஐ, நிறம் கிரேஸ்கேல் (சாம்பல் நிறப் படம்). பழைய ஈய எழுத்து அச்சு என்றால் 400. போன் கேமரா அவசரத்துக்கு ஆகும். ஆனால் நடுத்தையல் பக்கம் நிழல் விழுந்து, வரியின் முதல் இரண்டு எழுத்து காணாமல் போகும். சொந்தப் பிரதி என்றால் முதுகை வெட்டித் தாள் தாளாக ஸ்கேன் செய்து, பிறகு பைண்டிங் போட்டுக்கொள்ளலாம். எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடையில் ஸ்கேனுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் வாங்கினார்கள். 312 பக்கத்துக்கு 624 ரூபாய். பைண்டிங் 150.

ஸ்கேன் முடிந்ததும் பக்க எண்ணை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு விடுபட்ட பக்கத்தை, திருத்தம் எல்லாம் முடிந்த பிறகு கண்டுபிடித்தால் மனம் நொந்துபோகும்.

7. படத்தை எழுத்தாக்குவது

தமிழுக்குக் கூகுள் டிரைவின் ஓசிஆர் நன்றாகவே வேலை செய்கிறது. பிடிஎஃப்பை டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் போதும். கோப்பு 2 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்று கூகுள் சொல்கிறது. எனவே பத்துப் பத்துப் பக்கமாகப் பிரியுங்கள். அளவு மீறினால் ஐந்தைந்தாக. ஒவ்வொரு துண்டுக்கும் "பக்கம் 001-010" என்று பெயர் வையுங்கள். இணையம் இல்லாமல் செய்ய டெசராக்ட் இருக்கிறது. இலவசம்தான், தமிழ்த் தரவைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

312 பக்கத்துக்கு ஒரு மதியப் பொழுது போதும். பார்க்க எல்லாம் முடிந்துவிட்டது போலவே இருக்கும். பாதி வழி கூட வந்திருக்க மாட்டீர்கள்.

8. திருத்தம்: நேரம் முழுக்க இங்கேதான் போகும்

கண்ணால் படிக்கிற நாம் பிழையைத் தாண்டிப் போய்விடுவோம். காதால் படிப்பவருக்கு அந்த வசதி கிடையாது. ஒரு புள்ளி விட்டுப் போனால் சொல்லே மாறிவிடும். "கேட்டான்" என்பது "கெட்டான்" என்று வந்தால், இரண்டும் சரியான தமிழ்ச் சொல் என்பதால் எந்தப் பிழைதிருத்தியும் பிடிக்காது. எ-ஏ, ஒ-ஓ, ஒற்றைக் கொம்பு-இரட்டைக் கொம்பு, மெய்யின் புள்ளி, துணைக்கால்-ர, இந்த ஐந்து இடத்தில்தான் ஓசிஆர் அதிகம் தடுமாறும்.

அடுத்தது ஔகாரம். "கௌரவம்" என்பதில் வருவது ஔகாரக் குறி. ஆனால் பல கோப்புகளில் அது ஒற்றைக் கொம்பும் ளகரமுமாக, "கெளரவம்" என்று இருக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றே. ஸ்கிரீன் ரீடரோ "கெ-ள-ர-வம்" என்று படிக்கும். மௌனம், பௌத்தம், ஔவையார் எல்லாவற்றுக்கும் இதே கதி. இதைக் கண்டுபிடித்த நாளில், ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று "ரீப்ளேஸ் ஆல்" கொடுத்தேன். வெள்ளம், தெளிவு, கெளுத்தி, வெள்ளிவீதியார் எல்லாம் சிதைந்துபோயின. முதல் நாள் பிரதியை எடுத்து வைத்திருக்காவிட்டால் இரண்டு வார உழைப்பு போயிருக்கும். எனவே கௌரவம், மௌனம், பௌத்தம் என்று முழுச் சொல்லாகத் தேடி மாற்றுங்கள். தினமும் கோப்பைத் தேதியிட்டுத் தனியாகச் சேமியுங்கள்.

தமிழ் எண்களையும் தேடுங்கள். எகரத்துக்குப் பதில் ௭ என்ற எண்ணும், ககரத்துக்குப் பதில் ௧ என்ற எண்ணும், உகரத்துக்குப் பதில் ௨ என்ற எண்ணும் வந்து உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஸ்கிரீன் ரீடர் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளாது, சொல் அங்கேயே உடையும். உங்கள் புத்தகத்தில் தமிழ் எண்களே இல்லை என்றால், அகப்படுகிற ஒவ்வொன்றும் பிழைதான்.

வரி முடிவில் உடைகிற சொற்கள் இன்னொரு தொல்லை. தமிழ் அச்சில் பெரும்பாலும் இணைப்புக்குறி போடாமலேயே சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள். ஓசிஆர் அதை இரண்டு சொல்லாக்கும்: "எழுதியிருக் கிறார்", "அரசர் களும்". கேட்கும்போது தவறான இடத்தில் மூச்சு விழும். அந்தச் சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. இதற்குக் குறுக்குவழி கிடையாது, ஒவ்வொரு வரியின் கடைசியையும் பார்த்தே ஆக வேண்டும்.

பக்கத் தலைப்பில் திரும்பத் திரும்ப வரும் புத்தகப் பெயரை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு பக்க மாற்றத்திலும் வாக்கியத்தின் நடுவில் அது ஒலிக்கும்.

நாங்கள் இப்போது கடைப்பிடிக்கிற முறை இது. என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரைக் கணினியில் போட்டு, கோப்பை வாசிக்கவிடுவோம். ஒருவர் அச்சுப் புத்தகத்தை விரல் வைத்துத் தொடர்வார். காது கண்டுபிடிக்கும் பிழை வேறு, கண் கண்டுபிடிக்கும் பிழை வேறு. இரண்டும் சேர்ந்தால்தான் சுத்தமாகும். ஒரு பக்கத்துக்குச் சராசரி 8 நிமிடம். 312 பக்கத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல். மூன்று பேர் பிரித்துக்கொண்டால் தினம் ஒரு மணி நேரம் வீதம் இரண்டு வாரம்.

ஏஐ-யிடம் கொடுத்துப் பிழை திருத்தலாமா என்று கேட்கிறார்கள். பிழையோடு சேர்த்து ஆசிரியரின் சொல்லையும் அது மாற்றிவிடுகிறது. மேற்கோள் பாடலில் பாடபேதம் உண்டாக்கிவிட்டது என்றால் தேர்வு எழுதுபவருக்கு அது எவ்வளவு பெரிய கேடு! சந்தேகமான இடத்தைக் காட்டித் தரச் சொல்லுங்கள், மாற்றுவது உங்கள் கையாக இருக்கட்டும்.

9. தலைப்பு, பக்க எண், அட்டவணை, படம்

எழுத்து சுத்தமானதும் வேர்டில் உட்காருங்கள். அத்தியாயத் தலைப்புக்கு "ஹெடிங் 1", உட்தலைப்புக்கு "ஹெடிங் 2" ஸ்டைல் கொடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமன் ஆக்கினால் மட்டும் போதாது, ஸ்கிரீன் ரீடருக்கு அது தலைப்பு என்று தெரியாது. ஸ்டைல் கொடுத்தால்தான் படிப்பவர் ஒரு தட்டில் அடுத்த அத்தியாயத்துக்குப் போக முடியும். முழுக் கோப்புக்கும் மொழி "தமிழ்" என்று குறியுங்கள். இல்லையென்றால் சில கருவிகளில் ஆங்கிலக் குரல் வந்து திக்கும்.

பக்க எண்ணை நீக்கிவிடாதீர்கள். "143ஆம் பக்கம் எடுங்கள்" என்று பேராசிரியர் சொன்னால் அந்த மாணவரும் எடுக்க வேண்டும். அடிக்குறிப்பு எழுதவும் அந்த எண் வேண்டும். பக்கம் தொடங்கும் இடத்தில் எண்ணைத் தனிப் பத்தியாக வைத்து, "பேஜ் நம்பர் (டெய்சி)" என்ற பெயருள்ள ஸ்டைலைக் கொடுங்கள்; படி 10இல் வரும் மென்பொருள் அதைப் பக்க எண் என்று எடுத்துக்கொள்ளும். அடிக்குறிப்புகளை வேர்டின் அடிக்குறிப்பு வசதியிலேயே போடுங்கள், இணைப்பாக மாறிவிடும். செய்யுளில் சீர்களையும் அடிகளையும் ஸ்பேஸ் தட்டி ஒதுக்காதீர்கள். அடி முடிகிற இடத்தில் ஷிஃப்ட் அழுத்தி என்டர்.

அட்டவணைக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஐந்திணைக்கான சிறுபொழுது அட்டவணையை ஓசிஆர் இப்படித் தந்தது: "குறிஞ்சி முல்லை மருதம் நெய்தல் பாலை யாமம் மாலை வைகறை எற்பாடு நண்பகல்". எற்பாடு எந்தத் திணைக்கு என்று கேட்பவர் விரல்விட்டு எண்ண வேண்டும். இதையே உண்மையான வேர்டு அட்டவணையாக, மேல் வரியைத் தலைப்பு வரி என்று குறித்துக் கொடுத்தால், "நெய்தல், எற்பாடு" என்று ஸ்கிரீன் ரீடர் சேர்த்தே சொல்லும். கட்டங்களை ஒன்றாக இணைக்காதீர்கள்.

படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்துக்குப் பதிலாக ஸ்கிரீன் ரீடர் படிக்கும் விளக்கம் எழுதுங்கள். "நடுகல் படம்" என்று எழுதினால் ஒன்றும் எழுதாததற்குச் சமம். "வலக்கையில் வாள் ஓங்கிய வீரன், காலடியில் மாடுகள், மேலே மூன்று வரிக் கல்வெட்டு" என்று கண்ணில் படுவதைச் சொல்லுங்கள். பாடத்துக்கு எது தேவையோ அது முதலில் வரட்டும். இரண்டு மூன்று வரி போதும். ஓரப் பூவேலைப்பாடு போன்ற அலங்காரத்தை அலங்காரம் என்று குறித்துவிட்டால் ஸ்கிரீன் ரீடர் தாண்டிப் போய்விடும்.

10. ஈபப் ஆக்கிச் சோதிப்பது

டெய்சி கன்சார்டியத்தின் வேர்டுடுஈபப் என்ற இலவச மென்பொருளை விண்டோஸில் நிறுவினால், வேர்டு கோப்பை ஒரு பொத்தானில் ஈபப் ஆக்கித் தரும். புத்தகப் பெயர், ஆசிரியர், மொழி மூன்றையும் கேட்கும் இடத்தில் சரியாக நிரப்புங்கள். பிறகு அதே அமைப்பின் ஏஸ் என்ற சோதனைக் கருவியில் போட்டுப் பாருங்கள். மாற்று உரை விட்டுப்போன படம், வரிசை குலைந்த தலைப்பு எல்லாம் பட்டியலாக வரும்.

ஆனால் ஏஸ் "பிழையில்லை" என்றால் தமிழ் சரியாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. அது "கெட்டான்" என்பதைக் கண்டுபிடிக்காது. கடைசிச் சோதனையை நீங்களே செய்யுங்கள். கணினியில் தோரியம் ரீடர் என்ற ஈபப் படிக்கும் மென்பொருளில் திறந்து என்விடிஏ-யோடு கேளுங்கள். அப்புறம் ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடரை இயக்கி, திரையைப் பார்க்காமல் மூன்று காரியம் செய்து பாருங்கள்: மூன்றாம் அத்தியாயத்துக்குப் போவது, 143ஆம் பக்கத்தைக் கண்டுபிடிப்பது, ஒரு அட்டவணையைப் படிப்பது. உங்களால் முடியவில்லை என்றால் கோப்பில் ஏதோ குறை இருக்கிறது.

11. பிரெய்லில் வேண்டும் என்றால்

சுத்தமான யூனிகோடு வேர்டு கோப்பு கையில் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. அதைப் பிரெய்ல் அச்சகத்திடம் கொடுக்கலாம். தேசியப் பார்வைக் குறைபாடுடையோர் அதிகாரமளித்தல் நிறுவனத்தின் மண்டல மையம் சென்னை பூந்தமல்லியில் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். ஒரு அச்சுப் பக்கம் பிரெய்லில் இரண்டு மூன்று பக்கமாக விரியும், 300 பக்கப் புத்தகம் பல தொகுதிகளாக வரும். முழுவதும் வேண்டுமா, பாடப் பகுதி மட்டும் போதுமா என்று வாசகரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள். அஞ்சலில் அனுப்பக் கவலை வேண்டாம்: பார்வையற்றோருக்கான இலக்கியம் என்று மேலே எழுதி, சோதித்துப் பார்க்கும்படி கட்டினால் 7 கிலோ வரை சாதாரண அஞ்சலில் கட்டணம் இல்லை.

12. செலவும் நாள் கணக்கும்

மென்பொருள் எல்லாம் இலவசம். புத்தகத்தின் விலை, ஸ்கேன், பைண்டிங், இவ்வளவுதான் கைச்செலவு. எங்களுக்கு 312 பக்கப் புத்தகத்துக்கு அதன் விலை நீங்கலாக 774 ரூபாய் ஆனது. திருத்தத்தை வெளியே கொடுக்க விசாரித்தபோது, மெய்ப்புப் பார்ப்பவர் ஒருவர் பக்கத்துக்கு 15 ரூபாய் கேட்டார், 4,680 ரூபாய். பணம் இருந்தால் கொடுங்கள், அவர்கள் உழைப்புக்கு அது அதிகம் இல்லை. மாணவத் தன்னார்வலர்களை வைத்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாளில் 10 பக்கத்துக்கு மேல் தராதீர்கள். சோர்ந்தால் கண் புள்ளிகளைத் தவறவிடும்.

ஸ்கேனுக்கும் ஓசிஆருக்கும் இரண்டு நாள், திருத்தத்துக்கு இரண்டு வாரம், ஸ்டைல், அட்டவணை, படங்களுக்கு மூன்று நாள், சோதனைக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பருவம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே புத்தகப் பட்டியலைப் பேராசிரியர்களிடம் வாங்கிவிடுங்கள்.

13. கையில் சேர்ப்பது

திறந்த டிரைவ் இணைப்பாகப் போடாதீர்கள், டெலிகிராம் குழுவில் ஏற்றாதீர்கள். அப்படிப் போன கோப்பு பத்து நாளில் எல்லோரிடமும் இருக்கும். சட்டம் தந்த உரிமையை நாமே கெடுத்தது போல ஆகும். அடுத்த முறை எந்தப் பதிப்பகமும் கோப்புத் தராது. அந்த வாசகருக்கு நேராகக் கொடுங்கள், யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். பிறகு டெய்சி ஃபோரத்தின் உறுப்பு நிறுவனம் ஒன்றை அணுகி, சுகம்ய புஸ்தகாலயாவில் சேர்க்கக் கொடுங்கள். உங்கள் 40 மணி நேர உழைப்பை வேறு ஊரில் இன்னொருவர் திரும்பச் செய்ய வேண்டியிருக்காது. அச்சுப் படிக்க முடியாதவர்களுக்கான புத்தகங்களை நாடுகள் பகிர்ந்துகொள்ள வழிசெய்யும் மராகேஷ் ஒப்பந்தத்தில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றும் இருக்கின்றன. எனவே நாடு தாண்டிப் பகிரவும் வழி உண்டு, ஆனால் அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் வழியாகத்தான்.

கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள்: எந்தப் பதிப்பு, யார் தயாரித்தது, எந்தத் தேதி, எந்தப் பக்கங்களில் இன்னும் சந்தேகம் இருக்கிறது, பிழை கண்டால் எந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் மாணவி முதல் வாரத்தில் 31 பிழைகளைக் குரல் பதிவாக அனுப்பினார். "88ஆம் பக்கம் சார், மூணாவது பத்தி, 'பரணர்' 'பரணா'ன்னு இருக்கு." அச்சுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. திருத்திய கோப்பை அன்றைக்குச் சாயங்காலமே அனுப்பினேன்.